சுங்கை சிப்புட் மண், கல் பரிசோதனைக் கடை: கன்னுக்குக் காசு கொடுக்காதீர்கள், பொடிக்குக் கொடுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பெரிய சாலைக்குப் பின்வரிசையில், உரக்கடைக்கும் மோட்டார் சைக்கிள் பட்டறைக்கும் இடையில், மண், கல், உரம் பரிசோதிக்கும் ஒற்றைக் கதவுக் கடை ஒன்று இருக்கிறது. ஈப்போவுக்குப் போய்வரும் அலைச்சல் மிச்சம் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. செம்பனைத் தோட்டக்காரர்கள் வருகிறார்கள், பழைய லம்ப (ஈயச் சுரங்க) நிலத்து ஆமாங் மணலை, அதாவது வெள்ளீயம் எடுத்தபின் மிஞ்சிய கனத் தாது மணலை, மூட்டையில் கட்டிக்கொண்டு வருகிறார்கள், சுண்ணாம்புக் கல் லாரிக்காரர்கள் வருகிறார்கள், ‘இதில் தங்கம் இருக்கிறதா பாருங்கள்’ என்று கைக்குட்டையில் முடிந்த கல்லோடும் வருகிறார்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை. பாராட்டோடு குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தவிர, இதே கருவியை வைத்துக்கொண்டு எந்த ஊரில் கடை திறந்தாலும் கீழே இருப்பதில் பெரும்பகுதி பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வெள்ளீயம், சிர்கோனியம், டைட்டேனியம், இரும்பு, காரீயம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றுக்கு இந்தக் கடையின் பொடிப் பரிசோதனை கொடுக்கிற காசுக்குத் தகும். மெக்னீசியத்தைப் பாதிதான் நம்பலாம். தங்கம், லித்தியம், போரான், நைட்ரஜன் இவற்றுக்காக வருபவர்கள் கதவைத் தட்டவே வேண்டாம். கல்லை நேரே கருவியில் காட்டிச் சீட்டு வாங்குகிற மலிவுச் சேவை வேடிக்கைக்கு மட்டும்தான்.

உள்ளே இருப்பவை: எக்ஸ் கதிரைப் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும், கையில் பிடிக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவி ஒன்று (எல்லோரும் ‘கன்’ என்றுதான் சொல்கிறார்கள்), அதைக் குப்புற மாட்டி மேலே மூடி போடும் தாங்கி, உலர்த்தும் அடுப்பு, பித்தளைச் சல்லடைகள், அகேட் உரல், எஃகு அரவைக் கிண்ணம் ஒன்று, டங்ஸ்டன் கார்பைடு கிண்ணம் ஒன்று. சேவை மூன்று வகை. கல்லை அப்படியே காட்டிப் பார்ப்பது ஒன்று. காயவைத்து, அரைத்து, சலித்து, கப்பில் போட்டுப் பார்ப்பது இரண்டாவது. முதலாவதைப் போல இரட்டிப்புக் கட்டணம். மூன்றாவது, வெளி ஆய்வகத்துக்கு ஐ.சி.பி. சோதனைக்கு (மாதிரியைக் கரைத்துத் திரவமாக்கி அளக்கும் முறை) அனுப்பி வைப்பது.

கன் செய்கிற வேலை இது. ரோடியம் குழாயிலிருந்து 50 கிலோவோல்ட் வரையில் எக்ஸ் கதிர் கிளம்பி மாதிரியில் விழுகிறது. அணுவின் உள்கூட்டிலிருந்து ஓர் எலெக்ட்ரான் தெறித்துப் போகிறது. அந்தக் காலியிடத்துக்கு மேல்கூட்டு எலெக்ட்ரான் ஒன்று இறங்கும்போது, அந்தத் தனிமத்துக்கு மட்டுமே உரிய ஆற்றலில் ஒரு கதிர் வெளிவருகிறது. இரும்புக்கு 6.40 கிலோ எலெக்ட்ரான் வோல்ட், வெள்ளீயத்துக்கு 25.27. இந்த ஆற்றலுக்கும் அணு எண்ணுக்கும் உள்ள ஒழுங்கை மோஸ்லி 1913இல் கண்டார். இன்றுவரை கருவியின் அடிப்படை அதுதான். சிலிக்கான் டிரிஃப்ட் டிடெக்டர் வரும் கதிர்களை ஆற்றல் வாரியாகப் பிரித்து எண்ணுகிறது. எண்ணிக்கையைச் சதவீதமாக மாற்றுவது உள்ளே இருக்கும் கணக்கு. வம்பெல்லாம் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

எவ்வளவு ஆழத்திலிருந்து சேதி வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெள்ளீயத்தின் கதிருக்கு வலு அதிகம். மணலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்திலிருந்தும் வெளியே வந்துவிடும். அலுமினியம், சிலிக்கான் கதிர்கள் மேல்தோலின் சில பத்து மைக்ரானைத் தாண்டி வெளியே வராது. மெக்னீசியம் அதற்கும் மேலே. ஆகவே மழையில் நனைந்து துருவேறிய கல்லைக் காட்டினால், கன் படிப்பது கல்லை அல்ல, துருவை. கவுண்டரில் ‘கல்லிலே இரும்பு 30 சதவீதம்’ என்று சீட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அதே கல்லைச் சுத்தியலால் உடைத்து உள்முகத்தைக் காட்டிப் பார்க்கட்டும்.

இனி பொடி. கடை இதை நன்றாகச் செய்கிறது, ஆனால் மாதிரி எடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.

செம்பனை மண் என்றால் மரத்தடி வட்டத்து மண்ணையும் வரிசை நடுவில் உள்ள மண்ணையும் ஒரே பையில் கலக்காதீர்கள். வட்டத்தில் பல வருட உரம் குவிந்திருக்கும். இரண்டையும் கலந்தால் வருகிற எண் எந்த மண்ணுக்கும் சொந்தமில்லை. ஒவ்வொரு பகுதியிலும் பல இடங்களில் தோண்டி ஒன்றாகக் கலந்து, அரைக் கிலோ அளவுக்குக் கொண்டு போங்கள். ஆமாங் மணலுக்கு இன்னும் கூடுதல் வேண்டும். கனமான தாதுமணி மூட்டையின் அடியில் இறங்கிவிடும், மேலே அள்ளினால் குறைவாகக் காட்டும். தார்ப்பாயில் கொட்டி, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகக் கீறி, எதிரெதிரான இரண்டு பங்கை மட்டும் எடுத்து மறுபடி குவியுங்கள். கைப்பிடி அளவு வரும்வரை இதையே செய்யுங்கள். கடைக்காரர் இதைச் செய்வதில்லை. பையின் மேல்பகுதியில் கரண்டி போட்டு அள்ளுகிறார். எனவே வீட்டிலேயே குறைத்து, சின்னப் பையாகக் கொடுப்பதுதான் நல்லது.

உலர்த்தல் 105 டிகிரியில் செய்கிறார்கள். பெரும்பாலான வேலைக்கு அது சரி. பாதரசம் பார்க்க வேண்டிய மண் என்றால் முன்கூட்டியே சொல்லி 40 டிகிரிக்குக் கீழே உலர்த்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு பகுதி ஆவியாகிவிடும். ஈரத்தை அலட்சியம் செய்யக்கூடாது. 20 சதவீதம் தண்ணீர் உள்ள மண்ணில், உலர்ந்த கணக்கில் 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1000 பங்கு) இருக்க வேண்டிய காரீயம், தண்ணீர் சேர்ந்து நீர்த்துப்போவதாலேயே 800க்கு இறங்கும். அலுமினியம், சிலிக்கான் போன்ற லேசான தனிமங்களை அதற்கு மேலும் தண்ணீர் அமுக்கிவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் 6200 எண் முறை கள வேலைக்கு எழுதப்பட்டது. அதுவே 20 சதவீதத்துக்கு மேல் போனால் உலர்த்தச் சொல்கிறது. நம் ஊர்க் களிமண் மழைக்காலத்தில் அதைச் சுலபமாகத் தாண்டும்.

அரவையில் எந்தக் கிண்ணம் என்று கேட்காமல் விடாதீர்கள். ஒவ்வொரு கிண்ணமும் தன்னில் கொஞ்சத்தைப் பொடிக்குள் விடும். எஃகு கிண்ணம் இரும்பையும் குரோமியத்தையும் விடும். டங்ஸ்டன் கார்பைடு கிண்ணம் டங்ஸ்டனையும் கோபால்ட்டையும் விடும். அகேட் உரலில் வருவது சிலிக்கா மட்டும். மண்ணில் ஏற்கெனவே நிறைய இருப்பதால் பாதகமில்லை. ஆனால் கையால் அரைக்க நேரம் ஆகும் என்பதால், நெருக்கடியில் கடைப் பையன் டங்ஸ்டன் கிண்ணத்தைத்தான் எடுப்பான். இதன் விளைவு தங்கம் தேடி வருபவர்களைத்தான் கவிழ்க்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் நடுவில் சுத்தமான குவார்ட்ஸ் மணலை ஒரு சுற்று அரைத்துக் கொட்ட வேண்டும். இங்கே அது எப்போதும் நடப்பதில்லை.

சலிப்பு 75 மைக்ரான் சல்லடையில். அதற்குக் கீழே விழுந்த பொடிதான் கப்புக்குப் போக வேண்டும். மேலே தங்கியதைத் தூக்கிப் போடக்கூடாது. மறுபடி அரைத்துச் சலித்து எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். கடினமான வெள்ளீயத் தாது, சிர்கான் மணிகள் கடைசிவரை சல்லடையின் மேலேயே நிற்கும். அவற்றைக் குப்பையில் கொட்டினால் தேடி வந்த பொருளையே கொட்டிய கணக்கு.

கப்பு 31 மில்லிமீட்டர் அகலம். அடியில் 4 மைக்ரான் பாலிப்ரோப்பிலீன் ஃபில்ம், சுருக்கமில்லாமல் முரசுத் தோல்போல இழுத்து மாட்டியிருக்க வேண்டும். பொடியை முக்கால் கப்பாவது நிரப்பி, மேசையில் மெல்லத் தட்டி இறுக்க வேண்டும். குறைவாகப் போட்டால் வெள்ளீயம் போன்ற ஆழம் பார்க்கும் தனிமங்களுக்குப் பொடி பற்றாது. கதிர் பின்னால் இருப்பதையும் சேர்த்துப் படிக்கும். ஜிப் பை மூலம் காட்டுவதை இந்தக் கடையே சில நேரம் செய்கிறது, அவசரக்காரர்களுக்கு. பையின் பிளாஸ்டிக் ஃபில்மைவிடப் பல மடங்கு தடிமன். மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கான், பாஸ்பரஸ் கதிர்களை அது விழுங்கிவிடும். வெள்ளீயத்துக்குச் சேதமில்லை. பாஸ்பேட் உரத்தைப் பை வழியாகப் பார்த்து ‘கலப்படம்’ என்று சண்டைக்குப் போவது வீண்.

எந்த மோடில் பார்க்கிறார்கள் என்பதே பாதி விடை. மண் மோடு, குறைந்த அளவில் உள்ள தனிமங்களுக்கானது. குழாயின் ரோடியக் கதிர் மாதிரியில் சிதறி வருவதை அளவுகோலாக வைத்துக் கணக்குப் போடும். சுரங்க மோடு, பல சதவீதத்தில் உள்ளவற்றுக்கானது. எல்லாம் கூட்டி நூறு என்று வைத்துக் கணக்குப் போடும். உலோக மோடு நகைக்கும் இரும்புக்கும். ஆமாங்கை மண் மோடில் பார்த்தால் வெள்ளீயம் எங்கோ போய் நிற்கும். கல்லை உலோக மோடில் பார்த்தாலோ சீட்டு முழுக்கக் கற்பனை. ஆக்சிஜன், சிலிக்கான் என்ற எண்ணமே அந்தக் கணக்கில் கிடையாது. சீட்டின் தலைப்பில் மோடின் பெயர் அச்சாகிறது. அதைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

நேரம் இன்னொன்று. கடையின் வழக்கம் 30 விநாடி. எண்ணிக்கைப் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும், அதாவது 120 விநாடி. கேட்டால் கூடுதல் கட்டணமில்லாமல் வைக்கிறார்கள். இது கடையின் நல்ல குணம். சீட்டில் ± குறிக்குப் பக்கத்தில் வரும் எண், டிடெக்டர் எண்ணியதில் உள்ள தடுமாற்றம் மட்டும்தான். மாதிரி சரியாகக் கலக்கவில்லை, மணி பெரிது, ஃபில்ம் சுருங்கியது, இவை எதுவும் அந்த ±இல் இல்லை. அதனால் ஒரே பொடியிலிருந்து மூன்று கப்பு நிரப்பிப் பாருங்கள். மூன்றும் வெள்ளீயத்தில் கால்பங்குக்கு மேல் விலகினால் அரவை போதவில்லை என்று அர்த்தம்.

இப்போது ஒவ்வொரு மாதிரியும் எங்கே காலை வாரும் என்று பார்க்கலாம். ‘கோடு’ என்றால் ஒரு தனிமம் விடும் குறிப்பிட்ட ஆற்றல் கதிர்; கீழே வரும் கோட்டு எண்கள் கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில். மிக உள்கூட்டில் காலியிடம் விழுந்து வருவது கே கோடு, அதற்கு அடுத்த கூட்டில் விழுந்து வருவது எல் கோடு.

தோட்டத்துச் செம்மண் இரும்பு நிறைந்தது. இரும்பின் இரண்டாவது கோடு 7.06இல் நிற்கிறது, கோபால்ட்டின் முதல் கோடு 6.93. டிடெக்டர் பிரிக்கிற திறன் சுமார் 0.14 என்றால், பெரிய இரும்பு மலையின் சரிவில் கோபால்ட் என்று ஒரு மேடு தெரிவது இயல்பு. செம்மண் சீட்டில் சில நூறு பி.பி.எம். கோபால்ட் வந்தால் பெரும்பாலும் அது இரும்பின் நிழல்தான். கூடவே, இரும்பு தன் கதிரால் குரோமியத்தைக் கிளப்பி அதிகமாகக் காட்டும். நிக்கல், செம்பு கதிர்களை விழுங்கிக் குறைவாகக் காட்டும். நல்ல கருவி இதைத் திருத்துகிறது, ஆனால் இரும்பு 30, 40 சதவீதம் என்று ஏறும்போது திருத்தமும் தள்ளாடும்.

பெருந்தொடர் மலையின் கிரானைட் இறங்கி வந்த மண்ணில் ரூபிடியம் அதிகம். ரூபிடியத்தின் இரண்டாவது கோடும் யிட்ரியத்தின் முதல் கோடும் 14.96இல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. ‘அரிய மண் இருக்கிறது’ (யிட்ரியம், சீரியம், லாந்தனம் போன்றவைதான் அரிய மண்) என்று ஊரில் அவ்வப்போது கிளம்புகிற பேச்சுக்குப் பின்னால் இப்படி ஒரு சீட்டு இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சீட்டில் யிட்ரியம் வந்தால் பக்கத்தில் ரூபிடியம் எவ்வளவு என்று பாருங்கள். சீரியம், லாந்தனம் பார்க்க 50 கிலோவோல்ட் குழாய் கட்டாயம். சீரியத்தின் கே கோட்டை எழுப்ப 40.4 வேண்டும், 40 கிலோவோல்ட்டில் நிற்கிற பழைய கருவியால் அது முடியவே முடியாது. இந்தக் கடையின் கன் 50 போகிறது. ஆனால் அதற்கான கதிர் வடிகட்டியைத் தனியாக ஓட்டச் சொல்ல வேண்டும், தானாக ஓட்டுவதில்லை. எல் கோட்டை நம்பினால் சீரியம் 4.84இலும் டைட்டேனியத்தின் இரண்டாவது கோடு 4.93இலும் நெருங்கி நிற்கும். ஆமாங்கிலோ இல்மனைட் நிறைய, அதாவது டைட்டேனியம் நிறைய. அதே காரணத்தால்தான் ஆமாங் சீட்டில் வனேடியம் வீங்கித் தெரிகிறது.

ஆமாங் என்றால் தோரியத்தைப் பார்க்காமல் நகரக்கூடாது. அதில் உள்ள அரிய மண் தாதுக்களான மோனசைட்டிலும் செனோடைமிலும் தோரியமும் யுரேனியமும் சேர்ந்தே வரும். தோரியம் 1 பி.பி.எம். என்றால் கிலோவுக்குச் சுமார் 4.06 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). அப்படியென்றால் கிராமுக்கு 1 பெக்கரல் என்ற கதிரியக்க எல்லையைத் தொட 246 பி.பி.எம். போதும். யுரேனியத்துக்கு 81 போதும். ஆமாங் இந்த எல்லையைத் தாண்டுவது சாதாரணம். புக்கிட் மேரா அரிய மண் ஆலையின் கதிரியக்கக் கழிவு விவகாரத்தை நேரில் அறிந்த பேராக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மூட்டையைப் படுக்கையறையில் வைக்காதீர்கள், பொடியை விசிறி ஓடும் அறையில் அரைக்காதீர்கள். கடைக்கு இங்கே ஒரு சபாஷ்: தோரியம் ஏறியிருந்தால் சீட்டில் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுக்கிறார்கள். கூட ஒரு கதிரியக்க அளவி வாங்கி வைத்தால் இன்னும் நல்லது. கன் தனிமத்தைச் சொல்லும், வீச்சைச் சொல்லாது.

வெள்ளீயத்துக்கு இந்தக் கடையை வெளி ஆய்வக ஐ.சி.பி.க்கு மேலாகச் சொல்வேன். ஆச்சரியமாக இருக்கலாம். ஐ.சி.பி. கருவி பல மடங்கு நுட்பமானது, உண்மை. ஆனால் அதற்குள் போவது திரவம். கல்லை முதலில் அமிலத்தில் கரைக்க வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் சேர்த்த நான்கு அமிலக் கலவையில்கூட வெள்ளீயத் தாதுவான காசிட்டரைட் கரையாது. அடியில் கருமணியாகத் தங்கிவிடும். மேலே உள்ள தெளிந்த நீரைத்தான் கருவி பார்க்கும். ‘வெள்ளீயம் 90 பி.பி.எம்.’ என்று அழகான தாளில் முத்திரையோடு வரும். அதே பொடி எக்ஸ்.ஆர்.எஃப்.இல் சதவீதக் கணக்கில் காட்டும். சிர்கான், குரோமைட் கதையும் இதே. ஐ.சி.பி. வேண்டுமென்றால் படிவத்தில் சோடியம் பெராக்சைடு அல்லது லித்தியம் போரேட் உருக்கல் என்று எழுதச் சொல்லுங்கள். கடையின் படிவத்தில் அந்தக் கட்டமே இல்லை. குறிப்புப் பகுதியில் கையால் எழுத வேண்டும்.

தாது விற்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: சீட்டில் வருவது தனிமம், வியாபாரி பேசுவது சில நேரம் ஆக்சைடு. சுத்தக் காசிட்டரைட்டிலேயே வெள்ளீயம் 78.8 சதவீதம்தான். அதற்கு மேல் காட்டினால் மோடு தப்பு.

ஆர்சனிக் பற்றி ஒரு வரி. வெள்ளீயத் தாதுவோடு ஆர்சனிக் உள்ள ஆர்சனோபைரைட் தாது வருவது உண்டு. ஆர்சனிக்கின் முதல் கோடு 10.54, காரீயத்தின் எல் கோடு 10.55. காரீயம் ஆர்சனிக்கைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருந்தால் ஆர்சனிக் எண்ணை விட்டுவிடுங்கள்.

தங்கம். வருபவர்களில் பாதிப் பேர் கொண்டுவருவது தங்கம்போல மின்னும் பைரைட். சீட்டில் இரும்பும் கந்தகமும் மட்டும் வந்தால் கதை முடிந்தது. மீதிப் பேருக்குத்தான் ஆபத்து. தங்கத்தின் முதல் எல் கோடு 9.71. டங்ஸ்டனின் இரண்டாவது எல் கோடு 9.67. கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயத்தோடு டங்ஸ்டன் தாதுவும் கிடைத்த மண் உண்டு. அந்த மண்ணையோ, டங்ஸ்டன் கார்பைடு கிண்ணத்தில் அரைத்த எந்த மண்ணையுமோ காட்டினால், ‘தங்கம் 40 பி.பி.எம்.’ என்று சீட்டு வந்துவிடும். 40 பி.பி.எம். என்றால் டன்னுக்கு 40 கிராம். நிலத்தை அடமானம் வைக்கிற அளவுக்கு ஆசை காட்டும் எண். ஸ்பெக்ட்ரத்தைத் திரையில் திறந்து 11.44இல் தங்கத்தின் இன்னொரு கோடு எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே மேடு இல்லையென்றால் தங்கமும் இல்லை. சுரங்கத்துக்குத் தகுதியான தங்கம் டன்னுக்கு ஒன்றிரண்டு கிராமில் தொடங்குகிறது. அந்த அளவு கையடக்கக் கன்னின் கண்ணுக்கே தெரியாது. 30 அல்லது 50 கிராம் பொடியைக் காரீயத்தோடு உருக்கிப் பார்க்கும் நெருப்புச் சோதனைதான் வழி. கடைக்காரர் இதை வாயால் சொல்வதில்லை, தங்கம் என்ற வரியைச் சீட்டிலிருந்து நீக்குவதும் இல்லை. இது பெரிய குறை.

உரக்காரர்களின் சண்டை வேறு மாதிரி. கவுண்டரில் அடிக்கடி கேட்கிற பேச்சு:

‘என்னா அண்ணே, மூட்டையில 60ன்னு போட்டிருக்கான், உங்க சீட்டுல 49தான இருக்கு? பத்து சதவீதம் அடிச்சிட்டானா?’

அடிக்கவில்லை. மூட்டையில் இருப்பது பொட்டாசியம் ஆக்சைடுக் கணக்கு. சீட்டில் இருப்பது பொட்டாசியம். 1.205ஆல் பெருக்கினால் 49.8 என்பது 60 ஆகிவிடும். பாஸ்பரஸுக்கு 2.291, கால்சியத்துக்கு 1.399, மெக்னீசியத்துக்கு 1.658. இந்த நான்கு எண்ணையும் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் பாதிச் சண்டை குறையும்.

மெக்னீசியச் சுண்ணாம்புத் தூளுக்கு வருகிறவர்கள் கவனிக்கவும். மெக்னீசியத்தின் கதிர் 1.25தான், கருவிக்கும் கப்புக்கும் நடுவில் உள்ள காற்றே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். ஹீலியம் ஓட்டினால் சரியாகும். கடையில் ஹீலியம் இல்லை. அதற்குப் பதில் கால்சியத்தை வைத்துப் பின்வாசல் வழியாகப் போகலாம். சுத்தமான கால்சைட்டில் கால்சியம் 40.0 சதவீதம், சுத்தமான டோலமைட்டில் 21.7. சிலிக்கானும் அலுமினியமும் மிகக் குறைவாக இருக்கும் தூளில் கால்சியம் 31 வந்தால், 40.0இலிருந்து கழித்து 18.3ஆல் வகுங்கள். ஏறக்குறைய பாதி டோலமைட். டோலமைட்டில் மெக்னீசியம் ஆக்சைடு 21.9 என்பதால் தூளில் சுமார் 10.8 இருக்க வேண்டும். கன் காட்டுகிற மெக்னீசியத்தை விட இந்தக் கணக்கு நம்பகமானது. மணல் கலந்த தூளுக்கு இது பொருந்தாது. மணல் எவ்வளவு என்று சிலிக்கானிலிருந்து பார்த்து முதலில் கழிக்க வேண்டும்.

மண் சீட்டில் பொட்டாசியம் 1.5 சதவீதம் என்று பார்த்துவிட்டு ‘உரம் போட வேண்டாம்’ என்று முடிவு கட்டாதீர்கள். கன் காட்டுவது மொத்தம். ஃபெல்ட்ஸ்பார் கல்லுக்குள் பூட்டிக் கிடப்பதும் அதில் சேர்த்தி. மரத்தின் வேருக்கு அது கிடைக்காது. வேருக்குக் கிடைக்கும் அளவைத் தெரிந்துகொள்ளக் கரைசல் முறைப் பரிசோதனை வேண்டும், இலைப் பரிசோதனை இன்னும் நல்லது. செம்பனையில் இலை நுனி கொக்கிபோல வளைவது போரான் பற்றாக்குறை; அதை இந்தக் கருவியால் ஒருக்காலும் சொல்ல முடியாது. மெக்னீசியத்தைவிட லேசான எந்தத் தனிமமும் அதன் கண்ணில் படாது.

கடையின் ஒழுக்கம் பற்றி. காலையில் திறந்ததும் சான்றளிக்கப்பட்ட மண் ஒன்றை ஓட்டிப் பார்க்கிறார்கள். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட 2711ஏ. காரீயம் 1400 பி.பி.எம்., ஆர்சனிக் 107 பி.பி.எம். என்று இருக்க வேண்டும். பதிவேட்டைக் கேட்டால் காட்டுகிறார்கள், இது மெச்சத்தக்கது. ஆனால் ஒன்றுமில்லாத சிலிக்காப் பொடியை ஓட்டிப் பார்ப்பது குறைவு. கருவியின் மூக்கில் உள்ள ஃபில்மில் முந்தைய ஆமாங்கின் தூசு ஒட்டியிருந்தால், அடுத்து வருகிற உர மூட்டையிலும் வெள்ளீயம் தெரியும். சம்பந்தமில்லாத மாதிரியில் வெள்ளீயமும் சிர்கோனியமும் சேர்ந்து வந்தால் உடனே வெற்றுப் பொடியை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மூக்கு ஃபில்ம் கிழிந்த நிலையில் வேலை செய்வது அதைவிட மோசம். உள்ளே டிடெக்டரின் மெல்லிய ஜன்னல் ஓட்டையானால் செலவு லேசில் அடங்காது.

உச்சி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கன் சூடேறித் தானே நின்றுகொள்கிறது. மின்விசிறி மட்டும் போதாது; டிடெக்டர் குளிர்ந்திருந்தால்தான் கோடுகள் கூர்மையாக இருக்கும். காலை மாதிரிக்கும் மதிய மாதிரிக்கும் சிறிய கோடுகளில் வித்தியாசம் வர இதுவும் ஒரு காரணம். ஏர்கான் போடுவது ஆடம்பரம் அல்ல. முடிந்தவர்கள் காலையிலேயே போய்விடுங்கள்.

ஒன்றை மட்டும் கடை உடனே நிறுத்த வேண்டும். சிறிய கல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கன்னை அழுத்துகிறார்கள். மூக்கின் எதிரே வருவது நேர்க்கதிர். விரலும் உள்ளங்கையும் அதன் பாதையில் இருக்கக் கூடாது, பின்னால் யாரும் நிற்கவும் கூடாது. தாங்கியும் மூடியும் வாங்கி வைத்திருக்கிறார்கள், அதற்குள் வைப்பதற்குக் கூட அரை நிமிடம்தான் ஆகும். 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமமளிப்புச் சட்டத்தின் கீழ், அதாவது சட்டம் 304இன்படி, இப்படிப்பட்ட கருவிக்கு உரிமம் வேண்டும். உரிமத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழேயே கையில் பிடித்துச் சுடுவது நன்றாக இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அவர்களை வெளியே நிறுத்துங்கள்.

கல்லின் பெயர் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு இந்தச் செலவே தேவையில்லை. எக்ஸ்.ஆர்.எஃப். தனிமத்தைத்தான் சொல்லும், டைட்டேனியம் வந்தால் அது இல்மனைட்டா ரூட்டைலா என்று சொல்லாது. ஈப்போவில் உள்ள புவியியல் அருங்காட்சியகத்துக்குப் போய்க் கண்ணாலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சீட்டு அரை நாளில் கிடைக்கிறது, வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறார்கள். ஸ்பெக்ட்ரத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், கேட்டால்தான் வரும். மீந்த பொடியைக் கட்டாயம் திருப்பி வாங்குங்கள். குறைந்தது 50 கிராம், மூடியுள்ள டப்பாவில், தேதியும் எந்தக் கிண்ணத்தில் அரைத்தது என்றும் எழுதி வையுங்கள். நாளைக்கு வியாபாரி எண்ணை ஒத்துக்கொள்ளாவிட்டால், அந்தப் பொடியை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். புதிதாக அள்ளிய மணலை அனுப்பினால் இரண்டு எண்களும் எதற்காக வேறுபடுகின்றன என்று யாராலும் சொல்ல முடியாது.